லாக்லியரின் கை: 40-ஆவது சூப்பர் பவுலில் விழுந்த ஒரு ஹோல்டிங் கொடி

2006 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் நடந்த 40-ஆவது சூப்பர் பவுல் ஆட்டத்தில், அதாவது என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதியாட்டத்தில், நான்காம் கால்பகுதியின் தொடக்க நிமிடங்களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி 14-10 என்ற கணக்கில் முன்னிலையில் இருந்தது. சியாட்டில் சீஹாக்ஸ் அணி தன்னுடைய 2 கெஜக் கோட்டிலிருந்து பந்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, எதிரணியின் 19 கெஜக் கோடு வரை வந்திருந்தது. அங்கிருந்து, பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக் மேட் ஹாசல்பெக் எறிந்த பந்தை ஜெரமி ஸ்டீவன்ஸ் பிடித்து 1 கெஜக் கோட்டருகே விழுந்தார். 18 கெஜ முன்னேற்றம். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு மிச்சம் ஒரு கெஜம். ஆனால் களத்தில், குற்றம் கண்டால் நடுவர் வீசும் மஞ்சள் கொடி கிடந்தது. சீஹாக்ஸின் தடுப்பு வரிசையில் வலப்பக்கம் நிற்கும் டேக்கிள் ஷான் லாக்லியர், ஸ்டீலர்ஸின் தற்காப்பு வீரரான லைன்பேக்கர் கிளார்க் ஹாகன்ஸை விதிக்குப் புறம்பாகப் பிடித்துவிட்டார், அதாவது ஹோல்டிங் செய்துவிட்டார் என்பது நடுவர்களின் தீர்ப்பு.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. ஸ்டீவன்ஸ் பிடித்த பந்து செல்லாததாகி, 10 கெஜத் தண்டனையுடன் பந்து 29 கெஜக் கோட்டுக்குத் திரும்பியது. அடுத்த ஆட்டத்தில், அதாவது பந்தின் அடுத்த நகர்வில், ஸ்டீலர்ஸின் கேசி ஹாம்ப்டன் ஹாசல்பெக்கைப் பந்தோடு பின்னால் வீழ்த்தினார். மூன்றாவது டவுனில் (10 கெஜம் நகர ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) 18 கெஜம் தேவைப்பட்ட நிலையில் ஹாசல்பெக் எறிந்த பந்தை ஸ்டீலர்ஸின் ஐக் டெய்லர் இடைமறித்து 24 கெஜம் திரும்பி ஓடினார். அவரை வீழ்த்தப் பாய்ந்த ஹாசல்பெக்மீதே இடுப்புக்குக் கீழே தடுத்த குற்றம் சுமத்தப்பட்டு, இன்னும் 15 கெஜம் பறிபோயிற்று. சில நகர்வுகள் கழித்து, ஸ்டீலர்ஸில் பந்தை வாங்கிப் பிடிக்கும் வீரரான ஆன்ட்வான் ரேண்டல் எல் தாமே பந்தை எறிய, ஹைன்ஸ் வார்டு அதைப் பிடித்து 43 கெஜ டச்டவுன் ஆக்கினார். இறுதிக் கணக்கு 21-10.

ஒரு கெஜக் கோட்டில் சீஹாக்ஸ் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை ரசிகர்கள் விடாமல் கேட்டதில் வியப்பில்லை. அந்த அணியின் ஓட்டக்காரர் ஷான் அலெக்சாண்டர் 2005 பருவத்தில் 1,880 கெஜம் ஓடி, அன்றைய லீக் சாதனையாக 28 டச்டவுன்கள் அடித்திருந்தார். அவர் கையில் பந்தைக் கொடுத்து ஒரு கெஜம் நகரச் சொல்வது அந்த ஆண்டில் ஏறக்குறைய உறுதியான வரவு. இந்த ஆய்வு அந்த "இருந்தால்" கணக்குக்குள் போகவில்லை. களத்தில் நிற்கும் ஒரு நடுவர் ஒரு பிடியை எப்படிப் பிடியென்று அறிகிறார், லாக்லியரின் கை அந்த அளவுகோலில் எங்கே விழுகிறது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

பிடி என்றால் எது

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஹோல்டிங் இருக்கிறது, நடுவர்கள் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் கொடி வீசலாம் என்ற பேச்சு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடையே மிகப் பழையது. அது பாதிதான் சரி. கை ஜெர்சியைப் பற்றுவது ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கிறது; ஆனால் பற்றுதல் மட்டுமே விதி சொல்லும் ஹோல்டிங் ஆகிவிடாது. என்எஃப்எல் விதிநூலின் இன்றைய வாசகம், தடுப்பவர் தம் கையாலோ புயத்தாலோ எதிராளியைக் கணிசமாகக் கட்டுப்படுத்துவதையும், அவர் துரத்திச் செல்லும் பாதையை அல்லது கோணத்தை மாற்றுவதையும் தடை செய்கிறது. பற்றிக்கொள்வது, கொக்கி போட்டு இழுப்பது, வெட்டி இழுப்பது, முறுக்குவது, திருப்பிவிடுவது, தரையில் இழுத்துச் சாய்ப்பது ஆகியவற்றை அது உதாரணங்களாகச் சொல்கிறது. "கணிசமாக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நடுவரின் பிழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே களைந்துவிடலாம். தடுப்பவரின் கை எதிராளியின் உடற்சட்டகத்துக்கு உள்ளே, அதாவது இரு தோள்களுக்கு நடுவே மார்பில் இருந்தால் எதை வேண்டுமானாலும் பிடிக்கலாம், வெளியே போனால்தான் குற்றம் என்று பயிற்சியாளர்கள்கூடச் சொல்வதுண்டு. விதி அப்படிச் சொல்லவில்லை. கை உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், கட்டுப்பாடு கணிசமானதென்றால் குற்றமே. உள்ளே இருக்கும் கை செய்யும் பிடி நடுவரின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை என்பதுதான் அந்த நம்பிக்கையின் வேர்.

இந்தத் தடுப்பு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1974 வரை ஹோல்டிங்குக்கு 15 கெஜத் தண்டனை. அந்த ஆண்டு அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. 1978-இல், பந்தெறியும் ஆட்டங்களில் தடுப்பவர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ள அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்தில் கையை மார்போடு மடக்கி, முழங்கையாலும் தோளாலும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த வீரர்கள், விரிந்த கையோடு எதிராளியின் மார்பைத் தொடத் தொடங்கினார்கள். விரிந்த கை ஜெர்சிமேல் பதிந்ததும் விரல்கள் தாமாக மூடிக்கொள்வது மனித இயல்பு. ஆட்டத்தில் பாஸ் பெருக வேண்டுமென்று லீக் செய்த மாற்றம், தடுப்புக்கும் பிடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை ஒரு விரல் மடங்கும் தூரமாகச் சுருக்கிவிட்டது. நடுவர்களின் இன்றைய தலைவலியில் பெரும்பகுதி அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம்.

கைக்கு முன்னால் கால்

புதிதாக நடுவர் பணிக்கு வருபவர்கள் முதலில் செய்யும் பிழை, கையைத் தேடுவது. ஒரு கை வெளியே நீண்டிருப்பதைக் கண்டதும் கொடியை எடுத்துவிடுகிறார்கள். அனுபவமுள்ளவர் கையை இரண்டாவதாகவே பார்க்கிறார். முதலில் அவர் பார்ப்பது தடுப்பவரின் கால்களை.

இதை நெருங்கிப் பார்ப்போம். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், வலது டேக்கிள் பின்னோக்கி இரண்டு, மூன்று குறுகிய அடிகள் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, தனக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவே எதிராளி புகாதபடி நகர்கிறார். வெளிப்புறத்திலிருந்து லைன்பேக்கர் வளைந்து ஓடிவருகிறார். தடுப்பவரின் கால்கள் நகர்ந்துகொண்டே, இடுப்பு எதிராளியின் முன்னாலேயே இருக்கும்வரை, கை எங்கே இருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. அவர் காலாலேயே தடுத்துக்கொண்டிருக்கிறார், கை வெறும் துணை. லைன்பேக்கர் ஒரு அடி முந்தி, தடுப்பவரின் தோளைத் தாண்டும் நொடியில் எல்லாம் மாறுகிறது. தடுப்பவரின் கால் பிந்திவிட்டது. இடுப்பு ஒரு பக்கம், ஆள் இன்னொரு பக்கம். இனி அவருக்கு மிச்சமிருப்பது கை மட்டுமே. நடுவர் தேடும் ஆள் அதனால் "தோற்றுப்போன தடுப்பாளர்". பிடி நிகழ்வதானால் அங்கேதான் நிகழும்.

அந்த நொடிக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை சில. லைன்பேக்கரின் தோள்கள் அவர் ஓடும் திசைக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா, அல்லது ஒரு தோள் பின்னுக்கு இழுபட்டுத் திரும்பியிருக்கிறதா? ஜெர்சி உடலிலிருந்து கூடாரம்போல் இழுபட்டு நிற்கிறதா? ஓடிக்கொண்டிருந்தவரின் அடி திடீரெனக் குறுகியதா? குவார்ட்டர்பேக்கை நோக்கி வளைய வேண்டிய பாதை நேராகவே நீண்டு அவரைக் கடந்துபோனதா? இவற்றில் ஒன்றாவது நடந்திருந்தால்தான் கை செய்த வேலை தெரிகிறது. எதுவும் நடக்காமல், கை மட்டும் தோள்மேல் கிடந்து நழுவிவிட்டால், பார்க்க அழகில்லாததாக இருக்கலாம்; குற்றம் இல்லை.

ஆரம்பத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானாக வரும் நிபந்தனை. தடுப்பின் கடைசிக் கால்நொடியை மட்டும் கண்ட நடுவர் ஊகிக்கிறாரே தவிர, அறியவில்லை. ஒரு தற்காப்பு வீரர் தரையில் கிடக்கிறார், தடுப்பவர் அவர்மேல் கிடக்கிறார் என்றால், இழுத்துச் சாய்த்ததாகவும் இருக்கலாம், தம் வேகத்திலேயே நிலைதடுமாறி விழுந்தவர்மேல் தடுப்பவர் சாய்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதை விதி குற்றமாகக் கொள்வதில்லை, எழவிடாமல் அழுத்தினாலன்றி. முடிவு இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும். வேறுபாடு தொடக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

எந்த இடத்தில் நடந்தது என்பதும் எடைபோடப்படுகிறது. பந்து இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது வலக்கோடியில் ஒருவர் இன்னொருவரின் ஜெர்சியைப் பற்றிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் நடுவர் ஆட்டம் முடிந்ததும் அந்த வீரரிடம் "கையை எடு" என்று சொல்லிவிட்டுப் போவார். பந்து ஏற்கெனவே கையைவிட்டுப் போனபின் பற்றியதும் அப்படியே. குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றிய பிடி வேறு. அவரைத் தொட்டுவிடும் தூரத்தில் வந்திருக்க வேண்டிய ஆளை அரை நொடி நிறுத்தியிருக்கிறது.

ரிப் என்ற விலக்கு

லாக்லியரின் வழக்கில் முழு விவாதமும் ஒரு விலக்கைச் சுற்றியே நிற்கிறது. வெளிப்புறம் சுற்றிவரும் தற்காப்பு வீரர் தம் உட்பக்கத் தோளைத் தாழ்த்தி, அந்தக் கையைத் தடுப்பவரின் அக்குளுக்கு அடியில் செருகி மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போவார். இதை ரிப் என்பார்கள். அப்படிச் செருகும்போது தடுப்பவரின் கை தானாகவே மேலே தூக்கப்பட்டு, எதிராளியின் தோளையோ கழுத்தையோ சுற்றியதுபோல் வந்து விழும். படம் பார்ப்பவருக்கு அது கழுத்தைக் கட்டிப்பிடித்ததுபோலவே தெரியும். ஆனால் அந்த நிலையை உண்டாக்கியவர் தடுப்பவர் அல்லர், தாக்க வந்தவரே. ஆகையால் ரிப் செய்ததால் உண்டான நிலையை மட்டும் வைத்து ஹோல்டிங் கொடுக்கக் கூடாது என்கிறது விதி. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு: தடுப்பவர் அதைப் பயன்படுத்திக்கொண்டு எதிராளியின் கால்களைத் தரையிலிருந்து பறித்துவிட்டால் குற்றம் குற்றமே.

இதன் நடைமுறைப் பொருள் கொஞ்சம் நுட்பமானது. ஒரே தோற்றம், இரண்டு எதிரெதிர் தீர்ப்பு. கை கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்ற ஒரே காட்சியை வைத்துக்கொண்டு, அந்தக் கையை அங்கே கொண்டுபோனது யார் என்பதை நடுவர் முடிவு செய்ய வேண்டும். எதிராளி தூக்கிக் கொண்டுபோயிருந்தால் விட்டுவிட வேண்டும். தடுப்பவர் பிந்திப்போய், எட்டிப்பிடித்து, கொக்கிபோல் மாட்டியிருந்தால் கொடி வீச வேண்டும். ரீப்ளேயை நிறுத்தி ஒரு சட்டகத்தைக் காட்டி, "பாருங்கள், கை கழுத்தில் இருக்கிறது" என்று வாதிடுவதும், "பாருங்கள், இது ரிப்" என்று எதிர்வாதம் செய்வதும் இரண்டுமே பயனற்றவை. நிறுத்திய படத்தில் கட்டுப்பாடு தெரியாது. அது இயக்கத்தில் மட்டுமே தெரியும்.

அந்த ஆட்டத்தின் ரீப்ளேக்களில் தெரிவது, ஹாகன்ஸ் லாக்லியரின் வெளிப்புறமாக வளைந்து முந்தப் பார்க்கிறார் என்பதும், லாக்லியரின் கை அவருடைய மேலுடலைச் சுற்றி வந்து சேர்கிறது என்பதும். ஹாகன்ஸ் ஸ்டீலர்ஸின் தற்காப்பில் இடப்பக்க வெளி லைன்பேக்கர். அவருடைய வேலையே வலது டேக்கிளின் தோளைச் சுற்றிப் போவது. லாக்லியர் லீக்கில் இரண்டாவது ஆண்டில் இருந்த இளைஞர். அனுபவமுள்ள ஒருவர் விளிம்பில் வேகமாக வளையும்போது இளைஞரின் கால் பிந்துவது எங்கும் நடப்பது. கால் பிந்தியது, கை நீண்டது என்ற வரிசை அங்கே இருந்தது என்பதால் நடுவரின் கண் சரியான இடத்தில்தான் இருந்தது என்று நான் கொள்கிறேன். ஸ்டீலர்ஸ் அன்று வெள்ளை ஜெர்சியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளை முதுகின் குறுக்கே ஒரு கை விழுந்தால் அது எடுப்பாகத் தெரியும். இது ஆதாரம் ஆகாது, ஆனால் கண்ணுக்கு எது முதலில் படும் என்பதில் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களுக்கும் பங்குண்டு.

தயக்கம் வருவது அடுத்த படியில். அந்தக் கை ஹாகன்ஸின் பாதையை எவ்வளவு மாற்றியது? அவரைத் தரையில் இழுத்துச் சாய்க்கும் வகையான பிடி அது அல்ல. சில ஆட்டங்களில் நாம் காண்பதுபோல் இரு கைகளாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்குவதும் அல்ல. கை சுற்றியிருந்த நேரம் குறைவு. எழுத்தின்படி பார்த்தால், கொக்கிபோட்டுக் கட்டுப்படுத்துதல் என்ற வகைக்குள் அந்தக் கொடியை நிறுத்த முடியும். ஆனால் இருமுறை யோசிக்காமல், மாறுபடுவோரே இல்லாமல் ஏற்கப்படும் கொடி அது அல்ல. இரண்டு அணியும் ஆட்டம் முழுதும் இப்படியே தடுத்துக்கொண்டிருக்க, இந்த ஒன்றை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி நியாயமாக எழுவது இங்கேதான். ஒரே ஆட்டத்துக்குள் அளவுகோல் மாறாமல் இருப்பதுதான் வீரர்கள் நடுவரிடம் எதிர்பார்ப்பது. இறுக்கமாகப் பார்ப்பாரானால் முதல் கால்பகுதியிலிருந்தே இறுக்கமாகப் பார்க்கட்டும். வீரர்கள் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். அந்த ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியிலேயே சீஹாக்ஸின் பீட்டர் வாரிக் பண்ட் ஒன்றை (எதிரணி உதைத்தனுப்பிய பந்தை) 34 கெஜம் திரும்பக் கொண்டுவந்தது, எட்ரிக் ப்ரூயிட்மீது கொடுத்த ஹோல்டிங்கால் ரத்தானது. ஆகவே நடுவர்கள் அன்று கொஞ்சம் இறுக்கமாகவே பார்த்தார்கள் என்று வாதிட இடமுண்டு. ஸ்டீலர்ஸுக்கும் அதே இறுக்கம் இருந்ததா என்பதுதான் சியாட்டில் கேட்டது. கணக்கு அவர்களுக்குச் சாதகமாகப் பேசியது: சீஹாக்ஸ்மீது 7 தண்டனைகள், 70 கெஜம், ஸ்டீலர்ஸ்மீது 3, 20 கெஜம். எண்ணிக்கை ஏற்றத்தாழ்வு மட்டுமே பாரபட்சத்தை நிறுவாது. ஒரு அணி உண்மையிலேயே அதிகம் தவறு செய்திருக்கலாம்.

சியாட்டில் தரப்பு எழுப்பிய இன்னொரு வாதம், ஹாகன்ஸ் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டார் என்பது. அதுவும் கொடியாகியிருந்தால் விளைவு முற்றிலும் வேறு. ஆஃப்சைடும் ஹோல்டிங்கும் ஒன்றையொன்று சமன்செய்து, தண்டனை இருவருக்கும் நீங்கி, பந்து 19 கெஜக் கோட்டில் அதே முதல் டவுனாக மறுபடி ஆடப்பட்டிருக்கும். ஒரு கெஜக் கோடு கிடைத்திருக்காது. ஆனால் 29-க்குத் திரும்பும் தண்டனையும் இருந்திருக்காது. இதைச் சொல்வது ஹோல்டிங் தீர்ப்பைக் குறைகூற அல்ல. முந்திக் கிளம்பிய எதிராளிக்கு எதிரே நிற்கும் தடுப்பவரின் கால் பிந்துவது இயல்பு என்பதையும், பிடியைப் பார்க்கும் நடுவர் பிடிக்கு முந்திய அரை நொடியையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் காட்ட.

எங்கிருந்து பார்த்தார்கள்

என்எஃப்எல் களத்தில் ஏழு நடுவர்கள். தலைமை நடுவர் தாக்குதல் அணிக்குப் பின்னால், குவார்ட்டர்பேக்கின் எறியும் கைப் பக்கமாக விலகி நிற்பார். இரு பக்கக் கோட்டிலும் ஒவ்வொருவர். மற்ற மூவர் பின்புலத்தில், பாஸ் வாங்குவோரைப் பார்க்க. இன்னொருவரான அம்பையர் 2006-இல் நின்ற இடம், இன்று ஆட்டம் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும்: அவர் தற்காப்பு அணியின் பக்கம், லைன்பேக்கர்களின் அருகே, மோதலுக்கு நடுவிலேயே நின்றார். ஓடிவரும் ஆட்கள் அவர்மேல் மோதி வீழ்த்துவது அடிக்கடி நடந்ததால், 2010-இல் லீக் அவரைப் பெரும்பாலான ஆட்டநேரங்களில் தாக்குதல் அணிக்குப் பின்புறம், தலைமை நடுவருக்கு எதிர்ப்பக்கமாக மாற்றி நிறுத்தியது.

நிற்கும் இடம் மாறினால் பிடி தெரியும் விதமும் மாறுகிறது. பழைய இடத்திலிருந்து பார்க்கும் அம்பையருக்குத் தடுப்பவரின் முகமும் மார்பும் தெரியும், தற்காப்பு வீரரின் முதுகு தெரியும். உள்ளே பற்றும் கை அவருக்கு மறைந்துவிடும். ஆனால் முதுகுமேல் சுற்றிவரும் கை பளிச்சென்று படும். பின்னாலிருந்து பார்க்கும் தலைமை நடுவருக்குத் தடுப்பவரின் முதுகு மட்டுமே தெரியும். கை எங்கே என்பது பல நேரங்களில் தெரியவே தெரியாது, ஆனால் எதிராளியின் தோள் திரும்பியதா, ஓட்டம் தடைபட்டதா என்பது நன்றாகத் தெரியும். பக்கக் கோட்டில் நிற்பவருக்கு இருவருக்கும் நடுவேயுள்ள இடைவெளி தெரியும், ஜெர்சி இழுபடுவது தெரியும். எந்தப் பக்கம் இழுபட்டது என்ற ஆழம் தெரியாது. தொலைக்காட்சியின் முதன்மைக் கேமரா உயரத்தில், பக்கவாட்டில் இருக்கிறது. நாம் வீட்டில் உட்கார்ந்து "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சொல்வதற்கும், களத்தில் கொடி விழுவதற்கும் இடையேயுள்ள முரண்பாட்டில் பாதிக்கு இந்தக் கோண வேறுபாடே காரணம்.

ஒரு கோணம் கையைக் காட்டுகிறது, விளைவைக் காட்டவில்லை. இன்னொரு கோணம் விளைவைக் காட்டுகிறது, கையைக் காட்டவில்லை. இரண்டையும் சேர்த்துக் காணும் வாய்ப்பு தனியொரு நடுவருக்கு அரிது. தாம் காணாத பாதியை மனம் தானாக நிரப்பிவிடாமல் இருப்பதுதான் இந்தப் பணியில் கடினமான பழக்கம். கையைக் கண்டவர் விளைவை ஊகித்துக்கொள்கிறார். விளைவைக் கண்டவர் கையை ஊகித்துக்கொள்கிறார். கொடி வீசுமுன் ஒரு கணம் பொறுத்து, பற்றிய கை என்ன செய்கிறது என்று முடியும்வரை பார்க்கச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். தாமதமாக வந்த கொடி என்று கூட்டம் கத்தும். ஹோல்டிங்கைப் பொறுத்தவரை தாமதமாக வரும் கொடியே பெரும்பாலும் நம்பத்தக்கது.

2006-இல் இந்தத் தீர்ப்பை ரீப்ளே பார்த்து மாற்ற வழியில்லை. விளிம்புக் கோட்டில் கால் பட்டதா, பந்து தரையில் பட்டதா என்பன போன்றவற்றுக்கே அந்த வசதி இருந்தது. பின்னாளில், 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் - லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அரையிறுதியில் கொடுக்கப்படாமல் போன ஒரு பாஸ் குறுக்கீட்டுக்குப் பின், பாஸ் குறுக்கீட்டை ரீப்ளேயில் பார்க்கும் விதி ஒரே ஒரு பருவம் இருந்து கைவிடப்பட்டது. ஹோல்டிங்குக்கு அந்தச் சோதனைகூட நடக்கவில்லை. நடந்திருந்தால் அது இன்னும் மோசமாகவே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு கையும் பிடிபோலத் தெரியும். கணிசம் என்பது வேகத்தோடு சேர்ந்த அளவு.

நடுவரின் சொல்

ஆட்டம் முடிந்த மறுநாள் சியாட்டிலில் கூடிய ரசிகர்களிடையே பேசிய தலைமைப் பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன், ஸ்டீலர்ஸோடு மோதுவது கடினம் என்று தெரியும், கோடுபோட்ட சட்டைக்காரர்களோடும் (நடுவர்களோடும்) மோத வேண்டியிருக்கும் என்று தெரியாது என்ற பொருள்படச் சொன்னார். ஆட்டம் முறையாகவே நடத்தப்பட்டது என்று லீக் தரப்பு அறிக்கை விட்டது. வழக்கமான சண்டை, வழக்கமான பதில். நான்கு ஆண்டு கழித்து நடந்தது வழக்கமானது அல்ல.

அன்றைய தலைமை நடுவர் பில் லீவி. சான் ஹோசேயில் காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் பணியாற்றியவர். தலைமை நடுவராக அவருக்கு அது முதல் சூப்பர் பவுல். ஒவ்வோர் ஆண்டும் பருவத்துக்கு முன் நடுவர்கள் அணிகளின் பயிற்சி முகாம்களுக்குப் போய் விதிமாற்றங்களை விளக்குவது வழக்கம். 2010 ஆகஸ்ட்டில் அப்படிச் சீஹாக்ஸ் முகாமுக்கு வந்த லீவி, நான்காம் கால்பகுதியில் தாம் இரண்டு தீர்ப்புகளைத் தவறவிட்டதாகவும், அது ஆட்டத்தைப் பாதித்ததாகவும், பல இரவுகள் தூக்கமின்றிக் கழிந்ததாகவும், இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்ற ஏக்கத்தோடே கல்லறைக்குப் போவேன் என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார்.

எந்த இரண்டு என்பதை அவர் சொல்லவில்லை. டெய்லரை வீழ்த்தப் பாய்ந்த ஹாசல்பெக்மீது இடுப்புக்குக் கீழ் தடுத்த குற்றம் கொடுத்தது ஒன்றாக இருக்கும் என்று பலரும் கொள்வதில் தவறில்லை. பந்து வைத்திருப்பவரை வீழ்த்தப் பாய்பவர் தடுப்பவர் அல்லர். இரண்டாவது லாக்லியரின் பிடியாகத்தான் இருக்க வேண்டும் என்று சியாட்டில் எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் நான் ரசிகர்களோடு முழுதாகச் சேரத் தயங்குகிறேன். ஹாசல்பெக் தீர்ப்பு விதியையே தவறாகப் பொருத்தியது. லாக்லியர் தீர்ப்பில் விதி தவறாகப் பொருத்தப்படவில்லை. "கணிசம்" என்ற சொல்லின் எடைக்கல் எங்கே இருக்கிறது என்பதில்தான் கேள்வி. இரண்டும் ஒரே வகைத் தவறு அல்ல. முதலாவதை ஒரு விதிநூல் திருத்திவிடும். இரண்டாவதைத் திருத்த, ஒரு நடுவர் அந்த வாரம் முழுதும் எத்தனை தடுப்புகளைப் பார்த்து எதை விட்டார், எதைப் பிடித்தார் என்ற கணக்கு வேண்டும்.

அந்த எடைக்கல் நிலையாக ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. 2019 பருவத்தின் தொடக்கத்தில், ஆட்டம் செல்லும் திசைக்குப் பின்பக்கத்தில் நடக்கும் பிடிகளைக் கண்டிப்பாகப் பார்க்கும்படி லீக் நடுவர்களுக்கு அறிவுறுத்தியதும் கொடிகள் மளமளவென்று விழுந்தன. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஒரு வியாழக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இத்தனை கொடியா என்று வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். சில நாட்களில் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. அடுத்த ஆண்டு, தெளிவாகத் தெரியும் பிடிக்கு மட்டும் கொடி என்ற போக்கில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. விதியின் வாசகம் இந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றுதான். 2020-இல் லாக்லியரின் கைக்குக் கொடி விழுந்திருக்காது என்றே எண்ணுகிறேன்; 2019 செப்டம்பரின் முதல் வாரங்களில் விழுந்திருக்கும்.

ஒரு மணிக்கட்டை மறு கையால் மார்பின் முன்னே பற்றிக்காட்டுவது ஹோல்டிங்குக்கான சைகை. லீவி அன்று அதைக் காட்டியதும் சீஹாக்ஸின் தாக்குதல் வரிசை 1 கெஜக் கோட்டிலிருந்து திரும்பி நடந்தது. ஸ்டீவன்ஸ் பிடித்த அந்த 18 கெஜம் அவருடைய கணக்கிலும் இல்லை, ஹாசல்பெக்கின் கணக்கிலும் இல்லை. ஆட்டப்பதிவேட்டில் அந்த இடத்தில் இருப்பது லாக்லியரின் பெயரும், ஹோல்டிங் என்ற சொல்லும், 10 கெஜம் என்ற எண்ணும்.